இரவுப் பணி உடலுக்குப் பழகிவிடுமா?

தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. மாதத்தில் ஒரு வாரம் நைட் டூட்டி. மற்ற வாரங்களில் காலையும் மாலையும் மாறி மாறி வருகின்றன. இரவுப் பணி முடிந்து வந்தால் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை. நெஞ்செரிச்சல், எடை கூடுதல், மறதி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இரண்டு ஆண்டுகளாக இருக்கின்றன. மூத்தவர்கள் “போகப் போகப் பழகிவிடும்” என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் பழகவில்லை, இது என் சோம்பலா, உடல் கோளாறா என்று கேட்டிருக்கிறார்.

பழகாது என்பதே நேரான பதில். மூத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழகியது களைப்போடு வேலை செய்வது; உடல் இரவைப் பகலாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் செவிலியர் பலர் தங்கள் உடல் சொல்வதைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடல் வெப்பம் எப்போது ஏறவேண்டும், விழிப்புக்கு உதவும் கார்ட்டிசால் எப்போது சுரக்கவேண்டும், தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் எப்போது தொடங்கவேண்டும், குடல் எப்போது அடங்கவேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது இதுதான். உயிரணுக்களுக்குள் மரபணுக்கள் எவ்வாறு ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியை உண்டாக்குகின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது முக்கியமாக வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கு அப்பால், வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனி அணுக்கள் உண்டு. வார்டின் இரவு விளக்குகள் சில நூறு லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவலகு) மேல் போவதில்லை. காலை எட்டரை மணி வெயில் பல்லாயிரம் லக்ஸ். ஆகவே பணி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கால்மணி நேரத்திலேயே, இரவு முழுவதும் விழித்திருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, ‘பொழுது விடிந்துவிட்டது’ என்று உங்கள் கடிகாரம் குறித்துக்கொள்கிறது.

அது இடம்பெயர்ந்தாலும் பொதுவாக நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவில்தான் இடம்பெயரும். ஏழு இரவுகளில் முழுத் தூரமும் போகாமல் வாரம் முடிந்துவிடுகிறது. பிறகு காலை டூட்டி, பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். நிரந்தரமாக இரவில் மட்டுமே வேலை செய்பவர்களை ஆராய்ந்த முடிவுகளைச் சைமன் ஃபோல்கார்டு 2008இல் தொகுத்தபோது, மெலடோனின் சுரப்பு முழுமையாக இரவுப் பணிக்கு ஏற்ப மாறியவர்கள் 100இல் 3 பேருக்கும் குறைவு என்று தெரிந்தது. வருடக்கணக்கில் இரவிலேயே வேலை செய்பவர்களின் நிலை இது என்றால், மாதம் ஒரு வாரம் மட்டும் இரவில் நிற்பவருக்குப் பழகவில்லை என்பதில் வியப்பில்லை.

பகல் தூக்கம் நான்கு மணி நேரத்தில் கலைவதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து தூக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. உடல் கடிகாரம் தனியாக, பகலில் விழிப்பையும் இரவில் தூக்கத்தையும் தூண்டுகிறது. இரவில் படுப்பவருக்கு இவை இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. காலை பத்து மணிக்குப் படுக்கும் உங்களுக்கு அழுத்தம் மிகுதியாக இருப்பதால் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். ஆனால் ஒரு மணி, இரண்டு மணி ஆகும்போது அழுத்தம் பாதி குறைந்திருக்கும், கடிகாரமோ ஏறிக்கொண்டிருக்கும் உடல் வெப்பத்தோடு ‘எழுந்திரு’ என்று தள்ளும். போதாததற்கு நம் ஊர் மதிய வெப்பம். நல்ல தூக்கத்துக்கு உடல் சற்றுக் குளிரவேண்டும். சித்திரை மாதத்தில் ஓட்டு வீட்டிலோ மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையிலோ மின்விசிறியை மட்டும் நம்பிப் படுப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

உடற்கூற்றியல் சொல்லாத வேறொரு காரணமும் உண்டு. நைட் முடிந்து வரும் செவிலியரை வீட்டில் பலர் ‘இன்று வீட்டில் இருப்பவர்’ என்றே கணக்கிடுகிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, மதியச் சமையல், எரிவாயு உருளை வாங்கி வைப்பது என்று பதினொரு மணி வரை போகிறது. படுத்த பிறகு காய்கறிக்காரர், அழைப்பு மணி, கைபேசி, பக்கத்து வீட்டு மிக்சி. இரவில் பதினொரு மணிக்குத் தூங்குபவரை இரண்டு மணிக்குக் கூப்பிட்டு “வாழைப்பழம் வாங்கவா?” என்று யாரும் கேட்பதில்லை. பகல் இரண்டு மணிக்குக் கேட்கிறார்கள். கணவரும் மாமியாரும் இந்தப் பதிலைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு செவிலியரின் பகல் தூக்கத்தில் கூடுதலாக ஒன்றரை மணி நேரத்தை மருந்தில்லாமல் சேர்க்க முடிந்தவர்கள் அவர்கள்தாம்.

வார்டில் இது எப்படித் தெரிகிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். மனித உடலின் வெப்பமும் விழிப்பும் மிகக் கீழே இறங்குவது அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில். நம் மருத்துவமனைகளில் இரவுப் பணியின் வேலை குவிவதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். காலை ரவுண்ட்ஸுக்கு முன் இரத்த மாதிரிகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். எல்லோருக்கும் நாடி, இரத்த அழுத்தம், வெப்பம் பார்த்து எழுதவேண்டும். சிறுநீர்ப் பையை அளந்து 24 மணி நேரக் கணக்கை முடிக்கவேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளியைத் தயார் செய்யவேண்டும். சர்க்கரை பார்த்து இன்சுலின் போடவேண்டும். ஆறு மணி மருந்துகளைக் கலந்து ஏற்றவேண்டும். பிறகு அடுத்த பணிக்கு வருபவரிடம் ஹேண்ட் ஓவர். எண்ணும் எழுத்தும் அளவும் பெயரும் பிசகக்கூடாத வேலைகள் அனைத்தையும், மூளை மிக மந்தமாக இருக்கும் மூன்று மணி நேரத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அன்று இது; மருத்துவர் எட்டு மணிக்கு வருகிறார் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதன் விளைவு.

மந்தம் என்று சொல்வதன் அளவைப் பார்க்கலாம். ட்ரூ டாசன், காத்ரின் ரீட் ஆகியோர் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கண்–கை ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்களுடைய அளவுக்குத் தாழ்ந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்கு இணையானது. இந்தியாவில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். முதல் நைட் அன்று காலை ஏழு மணிக்கு எழுந்து, பகலில் படுக்காமல் இரவு எட்டு மணிக்குப் பணிக்கு வந்தவர் நள்ளிரவில் 17 மணி நேரத்தையும், காலை ஹேண்ட் ஓவர் வேளையில் 24 மணி நேரத்தையும் தொட்டுவிடுகிறார். மது அருந்தி ஒருவர் வார்டுக்குள் வந்தால் அன்றே இடைநீக்கம் செய்வோம். அதே தடுமாற்றம் டபுள் டூட்டியால் வந்தால் ‘அர்ப்பணிப்பு’ என்று பாராட்டுகிறோம்.

இதைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. 2003இல் ஹான்ஸ் வான் டாங்கன் குழுவினர் சிலரை இரண்டு வாரம் நாள்தோறும் ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டாம் வார முடிவில் அவர்களுடைய கவனப் பிழைகள், ஓர் இரவு அறவே தூங்காதவர்களின் அளவை எட்டின. ஆனால் தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று கேட்டபோது லேசாகத்தான் இருக்கிறது என்றார்கள். “பழகிவிட்டது” என்ற சொல்லின் உண்மையான பொருள் பல நேரம் இதுதான். குறைந்த தூக்கத்தில் இருப்பவர் தம் தூக்கக் குறைவை அளப்பதற்குத் தகுதியற்றவர். இந்த நிலையில் சில நொடிகள் மூளை தானாகவே அணைந்துபோகும்; கண்கள் திறந்திருக்கும், பேனா நகர்ந்துகொண்டிருக்கும், எழுதியது மட்டும் கோணலாக இருக்கும். நைட் முடிந்து தம் கேஸ் ஷீட் பதிவைத் தாமே படிக்க முடியாமல் விழித்த செவிலியர் என் மாணவியரில் பலர்.

பிழைக்கும் பணி நேரத்துக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆன் ரோஜர்ஸ் குழுவினர் அமெரிக்காவில் 393 மருத்துவமனைச் செவிலியரைப் பணிநேரக் குறிப்பேடு எழுத வைத்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, 12.5 மணி நேரத்தைத் தாண்டிய பணிகளில் பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே ஆண்டில் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவர்களுடைய நீண்ட பணிகளைக் குறைத்துப் பார்த்தபோது, பழைய முறையில் கடுமையான மருத்துவப் பிழைகள் 36 சதவீதம் கூடுதலாக நேர்ந்திருந்தது தெரியவந்தது. மனிதர்கள் அவர்களே, படிப்பும் அதே. பணி அட்டவணை மட்டுமே வேறு.

இனி உங்கள் தொல்லைகளுக்கு வருகிறேன். வயிறும் கணையமும் கடிகாரத்தின்படி இயங்குகின்றன. நள்ளிரவில் உண்டால் இன்சுலின் பகலில் சுரப்பது போலச் சுரப்பதில்லை, இரைப்பை மெதுவாகவே காலியாகிறது. 2009இல் ஃபிராங்க் ஷீர் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் உறக்க நேரத்தை ஆய்வகத்தில் 12 மணி நேரம் புரட்டியபோது, போதிய அளவீடு கிடைத்த 8 பேரில் 3 பேருக்கு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய நிலைக்கு ஏறியது, சில நாட்களுக்குள்ளேயே. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுவதும் நிறைவைத் தரும் லெப்டின் குறைவதும் வேறு சோதனைகளில் பதிவாகியுள்ளன. அதிகாலை இரண்டு மணிக்குத் தேநீரோடு பிஸ்கட் பாக்கெட் முழுவதும் காலியாவதற்கு நாவடக்கம் இல்லாததைக் குறை சொல்வது நியாயமன்று. எரிச்சலும் அப்படியே: ஓர் இரவுத் தூக்கத்தை இழந்தவர்களின் மூளையில் அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் அமிக்டலா, வெறுப்பூட்டும் படங்களுக்கு 60 சதவீதம் கூடுதலாகத் துடித்ததை 2007இல் படம் பிடித்தே காட்டினார்கள். நோயாளியின் உறவினர் மூன்றாம் முறை அதே கேள்வியைக் கேட்கும்போது உங்களுக்கு வரும் கோபத்தில் பாதி உங்களுடையதன்று.

நீண்ட கால விளைவைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு செவிலியரிடமிருந்தே வந்தது. அமெரிக்காவில் 1976இல் 1,21,700 பெண் செவிலியரைக் கொண்டு தொடங்கிய ஆய்வும், 1989இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டமும் அவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தன. காலை, மாலைப் பணிகளோடு மாதத்தில் குறைந்தது மூன்று இரவுகள் என்பதே அந்த ஆய்வில் ‘சுழற்சி இரவுப் பணி’. அதாவது, உங்கள் ரோஸ்டர் (பணி அட்டவணை). 2011இல் வெளியான முடிவில், 20 ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு உழைத்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் கூடுதல். எடை கூடியதன் பங்கைக் கழித்தாலும் 24 சதவீதம் மிஞ்சியது. 2016இல் வெளியான முடிவில், 10 ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்கு இதயக் குருதிக்குழல் நோய் 15 முதல் 18 சதவீதம் வரை கூடுதல்; இரவுப் பணியை விட்ட பிறகு ஆண்டுகள் செல்லச்செல்ல அந்தக் கூடுதல் குறைந்தும் வந்தது. நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும், தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் இளவயதிலேயே, குறைந்த எடையிலேயே வருவதால்.

மார்பகப் புற்றுநோய் பற்றிய அச்சத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளவேண்டும். அதே செவிலியர் ஆய்வில், 30 ஆண்டுகளுக்கு மேல் சுழற்சி இரவுப் பணி செய்தவர்களிடம் 36 சதவீதக் கூடுதல் காணப்பட்டதாக 2001இல் எழுதினார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும் இரவுப் பணியை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. இன்னொரு புறம், பிரிட்டனில் பெருந்தொகைப் பெண்களை வைத்து 2016இல் வெளியான ஆய்வு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. டென்மார்க் அரசு மட்டும் காத்திராமல், நீண்ட காலம் இரவுப் பணி செய்து மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ 40 பெண்களுக்குத் தொழில்வழி நோய் என்று இழப்பீடு தந்தது. ஒன்பது ஆண்டுகள், மாதம் ஒரு வாரம் என்ற உங்கள் கணக்கில் இதை எண்ணி இரவில் தூக்கம் கெடவேண்டியதில்லை. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிக் கவலைப்படுவதில் பொருள் உண்டு.

கர்ப்ப காலம் வேறு கணக்கு. டென்மார்க்கின் மருத்துவமனை ஊழியர் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், எட்டாம் வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை செய்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு வாய்ப்பு 32 சதவீதம் கூடுதல். கர்ப்பிணிச் செவிலியருக்கு இரவுப் பணியை நிறுத்துவதை இங்கே பல இடங்களில் ஏழாம் மாதத்துக்குப் பிந்தைய சலுகையாகப் பார்க்கிறார்கள். சான்றுகளோ முதல் மூன்று மாதங்கள் முடிவதற்கு முன்பே கவனிக்கச் சொல்கின்றன.

என்ன செய்யலாம் என்றால், தனிப்பட்ட முயற்சியைவிட ரோஸ்டரே பெரிது என்பதை முதலில் சொல்லவேண்டும். தொழில்நலத் துறையில் நன்கு அறியப்பட்ட ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 2020இல் எழுதிய பரிந்துரை சுருக்கமானது: தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் கூடாது, இரு பணிகளுக்கிடையே 11 மணி நேரமாவது இருக்கவேண்டும், இரவுப் பணி ஒன்பது மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு இரவே. நம் ஊரில் பரவலாக உள்ள, காலை ஆறு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு மணி நேர முறையில், ஒரு வாரம் தொடர்ந்து நைட் போடும்போது இவற்றில் இரண்டு ஒரே வீச்சில் மீறப்படுகின்றன. மாலைப் பணியை எட்டு மணிக்கு முடித்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து ஒன்பதுக்குக் கிளம்பி, ஒன்பதரைக்கு வீடு சேர்பவரை மறுநாள் ஏழரைக்கு வரச் சொல்லும்போது மூன்றாவதும் போகிறது. நார்வேச் செவிலியரிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில், தூக்கமின்மைக்கும் களைப்புக்கும் மருத்துவ விடுப்புக்கும் இத்தகைய குறுகிய இடைவெளிகள் தொடர்ந்து தொடர்புபட்டிருந்தன. வார்டு இன்சார்ஜ் தம் மட்டத்திலேயே இதைச் சரிசெய்ய முடியும்: ஏழு இரவுகளை மூன்றும் நான்குமாகப் பிரிக்கலாம், காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மட்டுமே மாற்றலாம், ஏனென்றால் நம் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது, முன்னுக்கு இழுப்பதைவிடப் பின்னுக்குத் தள்ளுவது அதற்கு எளிது, கடைசி இரவுக்குப் பின் இரண்டு முழு இரவுத் தூக்கம் கிடைக்கும்படி ஆஃப் கொடுக்கலாம்.

ஆள் இல்லையே என்பதுதான் வரும் பதில். உண்மை. போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கும் பிற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கும் ஒரு செவிலியர், அதற்கு மேல் விடுப்புக்கென 30 சதவீதம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு; இரவில் முப்பது, நாற்பது படுக்கைகளை ஒருவரே பார்க்கும் வார்டுகளும் இருக்கின்றன. ஆனால் ஆள் குறைவைக் காட்டி வேலை வரிசையையும் மாற்ற மறுப்பது சரியில்லை. அவசரமற்ற இரத்த மாதிரிகளை ஆறரைக்குத் தள்ளுவதற்கும், அளவு பிசகினால் ஆபத்தான இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் அதிகாலையில் இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்க்காமல் ஏற்றக்கூடாது என்று எழுதி ஒட்டுவதற்கும் கூடுதல் பணியிடம் தேவையில்லை.

பணியின் நடுவே குட்டித்தூக்கம் பற்றி என் கருத்து நம் மருத்துவமனைகளின் வழக்கத்துக்கு மாறானது. ஜப்பானில் 16 மணி நேர இரவுப் பணி செய்யும் செவிலியருக்குப் படுத்து உறங்க இரண்டு மணி நேரம் ஒதுக்குவது வழக்கம். இங்கே நாற்காலியில் கண்ணயர்ந்தால் மெமோ. மாற்று ஆள் வார்டில் நிற்க, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே 20 நிமிடம் படுப்பது பாதுகாப்பைக் கூட்டும். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் மயக்கம் கால்மணி நேரமாவது நிற்கும். எழுந்தவுடன் ஊசி போடக்கூடாது.

உங்கள் கையில் இருப்பவை சில. முதல் நைட் அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடுங்கள்; இது ஒன்றே நள்ளிரவின் 17 மணி நேரக் கணக்கை உடைத்துவிடும். காப்பியைப் பணியின் முதல் பாதியில் சிறிது சிறிதாகக் குடித்து, இரண்டு மணிக்கு மேல் நிறுத்துங்கள். காஃபினில் பாதி நீங்கவே ஐந்து மணி நேரம் ஆகும். சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் முடித்து, நள்ளிரவுக்குப் பின் சுண்டல், மோர், ஒரு பழம் அளவில் நிறுத்துவது நெஞ்செரிச்சலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது: 19 பேரைப் போலி இரவுப் பணியில் வைத்து 2021இல் வெளியிட்ட சோதனையில், இரவில் உண்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது, பகலில் மட்டும் உண்டவர்களுக்கு ஏறவில்லை. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள், கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும். வந்ததும் லேசாகச் சாப்பிட்டு, குளித்து, வேலை எதிலும் கைவைக்காமல் படுத்துவிடுங்கள். தடித்த திரை, காதடைப்பான், அணைத்த கைபேசி. நான்கு மணி நேரத்தில் விழித்தால் மீதியைப் பணிக்குக் கிளம்புமுன் மாலையில் ஒன்றரை மணி நேரமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி நைட் முடிந்த பகலில் மட்டும் இரண்டு மணி நேரத்தில் எழுந்து, அன்று இரவு வழக்கமான நேரத்தில் படுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் மருந்து அலமாரியின் சாவி உங்களிடமே இருக்கிறது. அல்பிரசோலாம் போன்றவை தூக்கத்தைத் தருவதுபோல் தந்து சில வாரங்களில் அடிமைப்படுத்தும்; அடுத்த நைட்டிலும் அவற்றின் மந்தம் நீடிக்கும். மெலடோனின் பகல் தூக்கத்தில் ஏறத்தாழ 24 நிமிடம் சேர்க்கலாம் என்பது 2014ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் மதிப்பீடு, அதுவும் தரம் குறைந்த சான்றுகளின்பேரில். அதைவிடத் திரைச்சீலை மலிவு.

பணி முடிந்து நீங்களே ஸ்கூட்டர் ஓட்டி வருபவரானால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2016இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், இரவுப் பணியாளர் 16 பேரை மூடிய ஓட்டப் பாதையில் கார் ஓட்ட வைத்தார்கள். இரவு தூங்கி வந்த நாளில் ஒருமுறைகூட மோதும் நிலை வரவில்லை. நைட் முடிந்து வந்த நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஓட்டங்களில் வந்தது, பல ஓட்டங்களைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. தொடர் நைட் வாரத்தில் பேருந்திலோ வீட்டார் வண்டியிலோ வாருங்கள். வழியில்லாவிட்டால் மருத்துவமனையின் ஓய்வறையில் அரைமணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் சில பரிசோதனைகளையும் செய்துகொள்ளவேண்டும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, இரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றை ஆண்டுக்கொரு முறை பாருங்கள். மறதிக்கும் களைப்புக்கும் பின்னால் தைராய்டு குறைவோ இரும்புச் சத்துக் குறைவோ இருந்து, பழி முழுவதும் நைட் டூட்டிமேல் விழுவதும் உண்டு. எடை கூடியதோடு குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறையில் இரவு தூங்கக் கிடைத்தும் தூக்கம் வராமல் ஒரு மாதம் போனாலோ, எதிலும் விருப்பமின்மை இரண்டு வாரம் தொடர்ந்தாலோ மனநல மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் சுழற்சிப் பணியைக் குறைக்கவேண்டும் என்று கருதினால் அதை எழுத்தில் வாங்கி, நகல் வைத்துக்கொண்டு, செவிலியர் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்ட சலுகை அடுத்த மாத ரோஸ்டரில் நிற்பதில்லை.